கொடைக்கானல் மலைக்குச் சைக்கிளில்: வத்தலக்குண்டா, பழனியா, தாண்டிக்குடியா?

அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100. எந்தச் சாலையில் ஏறினாலும் இடையில் இருக்கும் 1,800 மீட்டரை மிதித்துத்தான் கடக்க வேண்டும், அதில் சலுகை கிடையாது. பின்னால் பையைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவருக்கு அந்த ஏற்றத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு: முதுகுக்குப் பின்னால் ஒலிக்கும் ஹாரன். மூன்று சாலைகளையும் நான் முதலில் அதை வைத்துத்தான் எடை போடுவேன்.

வத்தலக்குண்டு சாலையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். 1870களில் மேஜர் லா என்ற ஆங்கிலேய அதிகாரி வகுத்த தடம் இது. அவர் பெயரில் இன்றும் லாஸ் காட் ரோடு என்கிறார்கள். சரிவு மென்மையானது. ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் அந்த உயரத்தைப் பிடிப்பதால் சராசரி ஏற்றம் நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர்தான். காமக்காபட்டி சோதனைச்சாவடி தாண்டி ஏறத் தொடங்கினால், சீராக மிதிக்கிற யாரும் மூச்சு வாங்காமல் போகலாம். டம்டம் பாறையில் நின்று தலையாறு அருவியைப் பார்க்கலாம். வழியில் டீக்கடை, பஞ்சர் ஒட்டுகிறவர், பேருந்து எல்லாம் உண்டு. தார் நல்ல தார்.

ஆனால் மதுரை, திண்டுக்கல், சென்னை வண்டிகள் அத்தனையும் வருவதும் இந்த வழியில்தான். சனி, ஞாயிறு, ஏப்ரல், மே என்றால் யோசிக்கவே வேண்டாம், சைக்கிளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். ஆனாலும் சீசன் நேரத்தில் வளைவுகளில் பேருந்தும் வேனும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி போகும்போது, சாலையோரத்து அரையடி மண்ணில்தான் நமக்கு இடம். மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்பது விதி. சைக்கிளுக்கும் அது பொருந்தும் என்று இறங்கி வருகிற டூரிஸ்ட் வேனிடம் யார் போய்ச் சொல்வது? வார நாளில், விடிவதற்கு முன் அடிவாரத்தில் இருக்க முடிந்தால் மட்டும் இது நல்ல சாலை.

பழனிச் சாலை சுமார் 65 கிலோமீட்டர். முதல் பத்து கிலோமீட்டர் போல சமதளம், வரதமாநதி அணையைத் தாண்டியதும் காடு. மலையின் வடக்குச் சரிவில் ஏறுகிற சாலை என்பதுதான் இதன் பெரிய வசதி. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது, வத்தலக்குண்டு பக்கம் காலை ஒன்பது மணிக்கே முதுகைச் சுடும். இங்கே அந்த நேரத்திலும் நிழல் கிடைக்கும். போக்குவரத்தும் குறைவு. சவரிக்காடு தாண்டி ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் கீழே பழனிக் கோயில் குன்று ஒரு கூழாங்கல் அளவுக்குத் தெரியும். குறை என்றால் கடைகள்தான். பழனியிலேயே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். மலையில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால், ஸ்டீல் பாட்டிலோ சைக்கிள் பாட்டிலோ நம்முடையதாக இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவும் நடக்கும். கிளம்பும் முன் விசாரித்துவிட்டுப் போங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம்: பழனி வரை சமவெளி நெடுகப் பாதயாத்திரைக்காரர்களுக்கு வைத்திருக்கும் நீர்மோரும் அன்னதானமும் சைக்கிள்காரருக்கும் கிடைக்கும்.

இந்த மூன்றையும் தவிர, நான்காவதாகப் பெரியகுளம், அடுக்கம் வழியும் இருக்கிறது. குறுகலும் செங்குத்தும் அதிகம், மழை பெய்தால் சரியும். சுமையோடு போகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இனி தாண்டிக்குடி. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், மருதாநதி அணைப் பக்கமாக ஏறும் சாலை. (சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த சவுந்தரபாண்டியனாரின் ஊர் பட்டிவீரன்பட்டிதான்.) மேலே விளைகிற காபிக்கொட்டை பதப்படுத்த இறங்கி வருவதும் அந்த ஊருக்குத்தான். ஏறும் சாலை ஒரு பேருந்து அகலம். சில இடங்களில் தார் பெயர்ந்திருக்கும், வளைவுகளில் ஏற்றம் சட்டென்று கூடும். மிதிகட்டைப் பக்கத்துப் பற்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்துப் பற்சக்கரத்திலும் 34 பல் என்று ஒன்றுக்கு ஒன்று கியர் இல்லாமல் சுமையோடு இந்த வழியில் போனால் முழங்கால் திட்டும்.

ஆனால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் தடியன்குடிசையை எட்டிவிட்டால் அப்புறம் இது வேறு மலை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காபிச்செடி, இடையிடையே மலைவாழை. சுற்றுலா வண்டிகள் அபூர்வம். எதிரே வருவது வாழைத்தார் ஏற்றிய மினி லாரியோ, நேரத்துக்கு ஒரு பேருந்தோதான். வாழைப்பழம் வாங்க நின்றால், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்காமல் அனுப்ப மாட்டார்கள். தாண்டிக்குடியில் எளிய அறைகள் கிடைக்கும். முதல் நாள் அங்கேயே தங்கிவிடலாம், ஏற்றம் இரண்டாகப் பிரிந்துவிடும். மறுநாள் பண்ணைக்காடு வழியாக ஊத்து என்ற ஊருக்குப் போய் வத்தலக்குண்டு சாலையைப் பிடித்தால் கொடைக்கானல். யானை நடமாட்டம் இருக்கிற பகுதி என்பதால் விடியற்காலையிலும் அந்தியிலும் மிதிக்காதீர்கள். உள்ளூர்க்காரர் நில் என்றால் நில்லுங்கள்.

பேருந்துத் துணையும் நல்ல தாரும் வேண்டும், ஒரே நாளில் ஏரியைப் பார்த்துவிட வேண்டும் என்பவருக்கு வத்தலக்குண்டு. ஒரே நாளில் போகணும், சத்தம் வேண்டாம் என்றால் பழனி. இரண்டு மூன்று நாள் கையில் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிக்குடியைச் சொல்வேன். அப்படிப் போகிறவர் கொடைக்கானலையே தொட வேண்டுமா என்றும் யோசிக்கலாம். தாண்டிக்குடியிலிருந்து கே.சி.பட்டி, பாச்சலூர் வழியாக, பரப்பலாறு அணைப் பக்கம் ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கும் சாலை, ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுவதைவிட எனக்குப் பிடிக்கும். ஏரியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் பழனிப் பக்கம் இறங்குங்கள். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல், முன்னும் பின்னுமாக மாற்றிப் பிடித்து, ரிம் சூடானால் நின்று ஆறவிட வேண்டும்.

போக வர ரயிலும் ஒத்துவருகிறது. வத்தலக்குண்டு, தாண்டிக்குடி வழிகளுக்குக் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கலாம். திரும்புவதற்குப் பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் நிலையம் உண்டு. சைக்கிளைப் பார்சலில்தான் போட வேண்டும். எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் பார்சல் ஏற்றாது என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் பார்சல் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.