மூணு லிட்டர் குக்கர்: ஆறு வருசம் பொங்கித் தின்றவளின் விமர்சனம்

பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அஞ்சு ஸ்டார் போட்டு "சூப்பர்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். குக்கர் என்ன, பிறந்தநாள் கேக்கா? கேஸ்கட் ஒரு தடவையாவது இளகி, கைப்பிடி ஸ்க்ரூ ஒரு தடவையாவது கழன்று, சோறு ஒரு தடவையாவது அடிப்பிடித்தால்தான் அது என்ன சாமான் என்று தெரியும். என்னுடையதில் மூன்றும் நடந்தாயிற்று. 2019 ஜூனில் வாங்கினேன், இன்றைக்கு வரை அதில்தான் பொங்குகிறேன். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகிற குறைகளில் பாதி என்னுடையவை, மீதி எல்லா அலுமினிய குக்கருக்கும் பொதுவானவை.

ஊர் திசையன்விளை. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லேபில் சேர்ந்தேன். சம்பளம் 8,500. தங்கியது ஒரு லேடீஸ் ஹாஸ்டல். அங்கே ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்கு மூடிவிடும், எனக்கு ஷிப்ட் முடிவது ஒன்பதுக்கு. மூன்று மாதம் பன்னும் பழமும் தின்று பார்த்துவிட்டு, கூட வேலை பார்த்த பிள்ளையும் நானும் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் ஒரு மாடி ரூம் பிடித்தோம். 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, டவுண் ரத வீதிப் பாத்திரக் கடையில் இந்த குக்கர். விலை 1,150 ரூபாய், ஆளுக்கு 575.

கடை அண்ணாச்சி, "கல்யாணச் சீருக்காம்மா?" என்றார். இல்லை, எங்களுக்குத்தான் என்றதும் எடுத்து வைத்த அஞ்சு லிட்டரை உள்ளே தள்ளிவிட்டார். "அப்ப மூணு போதும். பெருசு வாங்குனா தேய்க்கவே தனி ஆளு வைக்கணும்." அவர் சொன்னது ரொம்பச் சரி.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பரண்ல புதுசு ஒண்ணு அட்டப்பெட்டியோட கெடக்கு. அத விட்டுட்டு துட்டக் குடுத்து வாங்கிருக்கியாட்டி?"

"அப்ப அத எடுத்துட்டு வந்துரட்டா?"

"அது ஒங் கல்யாணத்துக்குல்லா வச்சிருக்கு!"

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குச் சேர்த்து வைக்கிற பாத்திரத்துக்குத் தனிச் சட்டம். பிள்ளை பசியோடு கிடக்கலாம், பாத்திரம் பிரியக் கூடாது.

முதல் வாரம் தினமும் அம்மாவிடம் கேட்டேன், எத்தனை விசில் என்று. "மூணு." மூன்று விசில் விட்டு இறக்கினால் கஞ்சி. மறுநாள் இரண்டு விட்டேன், நடுவில் அரிசி. அம்மா பொய் சொல்லவில்லை. அம்மா பொங்குவது அம்பை 16, குண்டரிசி. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1986-இல் வெளியிட்ட ரகம், வேகக் கொஞ்சம் நின்று நிதானமாகத்தான் வேகும். நான் வாங்கியது கடைக்காரர் கொடுத்த சன்னப் பொன்னி. அம்மாவின் குக்கர் அஞ்சு லிட்டர், அடுப்பு வேறு, தண்ணீர் வேறு. எண் மட்டும் போன் வழியாக வந்தது, மற்றதெல்லாம் திசையன்விளையிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது வாரம் துவரம் பருப்பு. பாதிக்கு மேலே போடக் கூடாது என்று கையேட்டில் தெளிவாகப் படம் போட்டிருந்தான். இரண்டு நாளுக்குச் சேர்த்து வேக வைத்துவிடலாம் என்று முக்கால் வரை நிரப்பினேன். பருப்பு நுரைத்துப் போய் ஆவிக்குழாயை அடைத்துக்கொண்டது. விசில் வரவில்லை. வரும் வரும் என்று நானும் நின்றேன். டப் என்று சேஃப்டி வால்வு போய், பருப்பு மஞ்சள் ஊற்றாகக் கிளம்பி சீலிங் ஃபேனில் அடித்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டாம். வால்வு தன் வேலையைச் செய்ததற்கு முழு மார்க். அடைத்துக்கொண்ட குக்கர் மூடியோடு வெடிக்காமல், அந்தச் சின்ன உலோகம் உருகி வழி விடுவதற்காகத்தான் அது இருக்கிறது. வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், அதைவிட்டு நிறம் பார்க்காதீர்கள்.

மறுநாள் லேபில், ஆவியால் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தினமும் நான் ஓட்டுகிற இயந்திரம் இது. 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம். முதலில் உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் வால்வை மூட வேண்டும், காற்று தங்கினால் சூடு ஏறாது. முள் 121-ஐத் தொட்ட பிறகுதான் நிமிடம் எண்ண ஆரம்பிப்போம். வீட்டு குக்கரும் கிட்டத்தட்ட அதே அழுத்தம், அதே சூடு. அங்கே கடிகாரம் பார்க்கிறவள் இங்கே ஏன் விசில் எண்ணிக்கொண்டு நிற்கிறேன்? விசில் என்பது வெயிட் தூக்கி மிச்ச ஆவியை விடுவது. அடுப்பைக் கூட்டி வைத்தால் நாலு நிமிடத்தில் மூன்று விசில் வரும், குறைத்து வைத்தால் ஒன்றுகூட வராமல் சோறு வெந்துவிடும்.

அன்றிலிருந்து என் கணக்கு வேறு. மூடியைப் போட்டு, குழாயில் ஆவி நேராகப் பீய்ச்சுகிற வரை காத்திருந்து, பிறகுதான் வெயிட். ஒரு விசில் வந்ததும் சிம். பொன்னிக்கு 7 நிமிடம், அம்பை 16-க்கு 10, பருப்புக்கும் 10. அடுப்புச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இது என் அடுப்புக்கு, உங்கள் அடுப்புக்கு நீங்கள்தான் எழுத வேண்டும். அப்புறம் ஊருக்குப் போனபோது அம்மா பொங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆவி வந்த பிறகுதான் வெயிட்டைப் போட்டாள். ஏன் என்றால், "எங்கம்மா அப்பிடித்தான் போடுவா." போனில் அதை மட்டும் சொல்லவே இல்லை.

இனி குறைகள். மூடிக் கைப்பிடி ஸ்க்ரூ நாலு மாதத்துக்கு ஒரு தடவை இளகும், ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் ஏறாது, சாதா அலுமினியம். போர் தண்ணீர் பட்டால் உள்ளே கறுக்கும். எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்க வைத்தால் போகும், ஆனால் போக்கியே ஆக வேண்டும் என்ற அவசியமும் இல்லை. புளிக்குழம்பை இதில் வைத்து ராத்திரி முழுக்க விடாதீர்கள். கேஸ்கட் இதுவரை மூன்று மாற்றியிருக்கிறேன்.

இதில் நன்றாக வருவது உளுந்தஞ்சோறு. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் உடைத்த தொலி உளுந்து. உளுந்தை வாசம் வர வறுத்து, பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், ஒரு கை தேங்காய்த் துருவல், நாலரை டம்ளர் தண்ணீர், உப்பு. ஒரு விசில், சிம்மில் 12 நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். எள்ளுத் துவையல் இருந்தால் போதும். வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்புக்குப் பெலம் என்று இதைப் போட்டே சலிக்க வைப்பார்கள். பதிமூணு வயதில் ஓடி ஒளிந்தவள், இருபத்திநாலில் காசு கொடுத்துத் தொலி உளுந்து வாங்கி வந்தேன்.

2022-இல் கூட இருந்த பிள்ளைக்குக் கல்யாணமாகித் தூத்துக்குடி போனாள். சாமானைப் பிரிக்கிறபோது குக்கர் நடுவில் உட்கார்ந்திருந்தது. தேய்ந்த பொருள்தானே என்று 300 ரூபாய் நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றவள், விளையாட்டுக்கு வெயிட்டை மட்டும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் ஞாபகம் வந்து திருப்பித் தந்தாள், இல்லையென்றால் அன்று ராத்திரி எனக்கு மறுபடி பன்தான். அதற்கப்புறம் ஒரு மாதம் கை பழக்கத்தில் இரண்டு பேருக்கே பொங்கிக்கொண்டிருந்தேன். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையது. அளவு குறைய ரொம்ப நாள் ஆயிற்று.

இந்த குக்கரை நான் முழுசாக நம்ப ஆரம்பித்தது 2023 டிசம்பரில். 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெய்ய ஆரம்பித்த மழை விடவில்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி ஆறு மூடுவது எங்களுக்குப் பழகிய விஷயம், யாரும் பெரிதாக எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. கீழே வீட்டுக்கார ஆச்சி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், பக்கத்துப் போர்ஷனில் மூன்று பேர். எல்லாரும் என் ரூமுக்கு ஏறி வந்தார்கள். என்னோடு ஒன்பது. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை, மோட்டார் ஓடாது. இருந்தது முக்கால் கேன் குடிதண்ணீர், நாலு கிலோ அரிசி, அரை கிலோ தொலி உளுந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு தேங்காய், எவ்வளவு மிச்சமென்று ஆட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய சிலிண்டர்.

ஆச்சி குக்கர் சோறு தொடமாட்டாள். வாதம் என்பாள், வடித்தால்தான் சோறு என்பாள். ஆனால் வடிக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்! குக்கரில் ஊற்றிய தண்ணீர் முழுக்க சோற்றுக்குள்ளேயே போய்விடும். மூணு லிட்டரில் மூன்று தடவை வைத்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சம், போனில் சார்ஜ் 11 சதவீதம், அதை மணி பார்க்கச் செலவழிக்க மனமில்லை. வெந்தய வாசம் வந்து, வெயிட்டடியில் கேட்கிற முணுமுணுப்பு தணிகிற நேரம் பார்த்து இறக்கினேன். மூன்று தடவையும் பதம். விசில் சத்தம் அந்த இருட்டில் தெருவுக்கே கேட்டிருக்கும், எதிர்மாடியிலிருந்து ஒருவர் "என்ன பிள்ள, சோறா?" என்று கத்தினார். ஆமா, உங்களுக்கு இருக்கா என்று திருப்பிக் கத்தினேன். இருக்கு என்றார். பிறகுதான் எங்களுக்குத் தொண்டையில் இறங்கியது. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் தட்டைக் காலி செய்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூட" என்றாள். அது உண்மைதான்.

புதன்கிழமை அம்மாவின் போன் கிடைத்தது. அழுது முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"என்னத்தட்டி தின்ன?"

"உளுந்தஞ்சோறு."

"யாரு பொங்குனா?"

"நான்தான். ஒம்பது பேருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "தண்ணி எவ்வளவு வச்ச?"

யார் வாங்கலாம் என்றால், தனியாளும் இரண்டு பேரும். நாலு பேர் வீட்டுக்கு இது போதாது, வெள்ளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாத்திரக் கடையில் நேரில் போய் மூடியைத் திருகிப் பார்த்து வாங்குங்கள், ஆன்லைனில் கேஸ்கட் அளவு மாறி வந்து நான் ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாலாவது கேஸ்கட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை டவுணுக்குப் போகிறேன். நேற்று அம்மா பேசும்போது, பரணில் கிடந்ததை இறக்கி அட்டையைப் பிரித்துவிட்டாளாம். இத்தனை வருசம் சும்மா கிடந்து ரப்பர் விறைத்துப் போயிருக்கிறதாம்.

"அஞ்சு லிட்டருக்கு ஒண்ணு சேத்து வாங்கிட்டு வாட்டி," என்றாள்.