சர்ஃபிங் பயணம் என்று சொல்லி 51,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்!

வயிறு எரிகிறது. இன்னும் யாராவது பணம் கட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும். சமூக வலைதளத்தில் பக்கம் நடத்தும் ஒரு பயண ஏற்பாட்டாளர் எங்கள் ஆறு பேரிடம் ஆளுக்கு 8,500 என்று மொத்தம் 51,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நட்டாற்றில் விட்டுவிட்டார்.

தரங்கம்பாடியில் தொடங்கி நாகை, வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரை வரை ஆள் நடமாட்டமில்லாத கரைகளில் சர்ஃபிங் (பலகைமேல் நின்று அலையில் சறுக்குவது), அதோடு பலகை, பயிற்சியாளர், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து என்பதுதான் அவர்கள் போட்ட விளம்பரம். சர்ஃபிங் என்றால் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ ஓட வேண்டும். நம்ம டெல்டாவிலேயே என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பாதிப் பணம் இப்போது, மீதி நேரில் என்றுதான் நான் சொன்னேன். உடனே வீடியோ காலில் வந்தார். பின்னால் சுவரோரம் வரிசையாகப் பலகைகள், ஒருவர் உட்கார்ந்து மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறார். “அண்ணே, எங்க அம்மா ஊரு புஷ்பவனம். சொந்த ஊர்க்காரங்களையே ஏமாத்திட்டு நான் எங்கண்ணே போய் நிப்பேன்?” என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் 51,000 ரூபாயும் ஒரே தவணையில் போனது. அனுப்பச் சொன்ன எண் வேறு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, “அது அக்கா நம்பருண்ணே.”

தரங்கம்பாடிக்கு அவர் வரவில்லை. வேனில் ஒரு பையனும் மூன்று பலகையும்தான் வந்தன. ஒரு பலகையின் அடியில் மீன் துடுப்பு மாதிரியான தகடு (ஃபின்) மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றில் கணுக்காலோடு கட்டும் கயிறு அறுந்து, வலை நைலானால் முடிச்சுப் போட்டிருந்தது. தண்ணீரில் விழுந்தவனிடமிருந்து பலகை விலகிப் போகாமல் பிடித்து வைப்பது அந்தக் கயிறுதான். பயிற்சியாளர் எங்கே தம்பி என்றால் “நாந்தாண்ணே” என்கிறான். பேச்சுக் கொடுத்தால் அவன் வேன் ஓட்ட வந்தவன். டேனிஷ் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, கருங்கல் கொட்டிய கரையோரமாக இறங்கச் சொன்னான். என் சித்தப்பா மகன் முதல் அலையிலேயே கல்லில் மோதி முழங்கால் கிழிந்தது. அதே வேகத்தில் மண்டை மோதியிருந்தால்? வேனில் ஒரு துண்டுப் பஞ்சுகூட இல்லை.

அப்புறம் கோடியக்கரை. முனைக்குத் தெற்கே இருப்பது பாக் நீரிணை. இலங்கை மறைத்துக்கொள்வதால் அங்கே பெரிய அலை வராது, ஆழமும் குறைவு. எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது சரியாக அந்தப் பக்கத்தில்தான்! கால் வைத்தால் சேறு, தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர், “இங்க எங்க தம்பி அலை? யாரு உங்கள அனுப்புனது?” என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. 1967 முதல் சரணாலயமாக இருக்கும் பகுதி என்பதால் வனத்துறை அனுமதி வாங்கிவிட்டோம் என்று ஏற்பாட்டாளர் வேறு சொல்லியிருந்தார். அங்கே விசாரித்தால் எங்கள் பெயரில் எந்த அனுமதியும் இல்லை. டீசல் போட்டு வருகிறேன் என்று போன பையன் திரும்பி வரவே இல்லை. ஈரத்துணியோடு வேதாரண்யம் வந்து பஸ் ஏறினோம்.

ஏற்பாட்டாளருக்குப் போன் பண்ணினால் முதலில் “வானிலை எங்க கையில இல்லண்ணே”. வெயில் கொளுத்திய நாளில் என்ன வானிலை? பிறகு மேனேஜரிடம் பேசுகிறேன் என்றார். பிறகு அண்ணே போய் சார் ஆகி, “ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட் வரும் சார்”. வரவில்லை. பக்கத்தில் கமெண்ட் போட்டேன், நீக்கிவிட்டார்கள். இப்போது ஆறு பேரின் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் கடன் வாங்கிக் கட்டிய பணமும் அந்த 51,000-க்குள் இருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். தனிநபர் எண்ணுக்குப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். பயிற்சியாளரின் சான்றிதழையும் உயிர்காப்புப் பயிற்சியையும் முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள். எந்தக் கரை என்று கேட்டு, அந்த ஊர் மீனவர்களிடம் விசாரியுங்கள். கணுக்கால் கயிற்றை இழுத்துப் பார்க்காமல் கடலில் இறங்காதீர்கள்.

அந்தப் பக்கத்தில் இன்று காலையிலும் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள், அதே பலகைப் படத்தைப் போட்டு. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. நாங்கள் இரண்டிலும் புகார் கொடுத்திருக்கிறோம். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே போவோம்.