ரிப்பேரிலிருந்து திரும்பிய வெஸ்ட்டும் அந்த 25.2-ம்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு, ஓடும் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் ஜிபிஎஸ் வெஸ்ட் வாங்கி மூன்று சீசன் ஓடிவிட்டது. வேறொரு அணியில் ஃபிட்னஸ் கோச்சாக இருக்கும் தோழி, "நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்டாள். பதில் எழுத உட்கார்ந்த அன்றைக்கென்று பார்த்து, ரிப்பேருக்குப் போயிருந்த இரண்டு கருவிகள் திரும்பி வந்தன. அந்தக் கடுப்பும் இதில் சேர்ந்திருக்கும்.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, விநாடிக்கு 10 முறை இடத்தைக் குறித்துக்கொள்கிறது. மொத்தத் தூரத்தை நம்பலாம். சட்டென்று வெட்டித் திரும்பும் குட்டி ஓட்டங்களில்தான் தடுமாறும். கோல்கீப்பருக்கு அதிகம் பயனில்லை. அவள் பாய்ந்து விழுந்து எழும் அலுப்பு கிலோமீட்டரில் வராது.

என் தலைவலி வேக எல்லை. மென்பொருள் வந்தபோதே மணிக்கு 19.8 கிலோமீட்டரைத் தாண்டினால் அதிவேக ஓட்டம், 25.2-ஐத் தாண்டினால் ஸ்பிரின்ட் என்று வைத்திருந்தார்கள். ஆண்கள் ஆட்டத்தில் புழங்கும் எண்கள். மேட்ச் முழுக்கக் கோட்டோரம் பறந்த எங்கள் விங்கர் திரையைப் பார்த்தாள்: ஸ்பிரின்ட் 0 மீட்டர். "அப்போ நான் ஓடவே இல்லையா மேடம்?" என்றாள். 2019 பெண்கள் உலகக் கோப்பை ஆட்டங்களை அலசியபோது ஃபிஃபாவே 19, 23 என்றுதான் எல்லை வைத்தது. அவளுடைய மனவருத்தத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. "இவள் குறைவாகத்தான் ஓடியிருக்கிறாள்" என்று நம்பி மறுநாள் கூடுதல் ஓட்டம் கொடுத்தேன். இரண்டு நாளில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எண்ணை மாற்றினேன். அடுத்த அப்டேட்டில் பழையபடி 25.2. மறுபடி மாற்றினேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஏசிஎல் என்கிற முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு. எங்கள் டிஃபெண்டர் ஒருத்தி அந்த அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது, காயத்துக்கு முந்தைய அவளுடைய எண்கள் கையில் இருந்தன. வாரம் வாரம் எவ்வளவு ஏற்றலாம் என்று ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. போட்ட காசு அதிலேயே வந்துவிட்டது.

ஆனாலும் நான் முதலில் திறப்பது நோட்டைத்தான். பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, 'எவ்வளவு கஷ்டமாக இருந்தது?' என்று 0 முதல் 10 வரை கேட்டு நிமிடங்களால் பெருக்குவோம். 90 நிமிடம், 6 என்றால் 540. தேர்வு வாரத்தில் அதே பயிற்சி, வெஸ்ட்டில் அதே தூரம். வழக்கமாக 5 சொல்பவள் 8 என்றாள். முதல்நாள் இரவு தூங்கவில்லையாம். வெஸ்ட்டுக்கு அது எப்படித் தெரியும்?

ரிப்பேரான கருவிகளைச் செருகினேன். இரண்டிலும் எல்லா அமைப்பும் அழிந்து, திரையில் 25.2.

தோழிக்கு எழுதிவிட்டேன்: வாங்காதே, ஒரு நோட்டும் பேனாவும் போதும். நாளைக்கு மேட்ச். இனிமேல்தான் இருபது வெஸ்ட்டுக்கும் சார்ஜ் போட வேண்டும்.