மணிக்கணக்கில் ஓடும் பில்டுக்குச் சொந்த ரன்னரா, வாடகை ரன்னரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் நான்கு பேர் பராமரித்து வரும் சி பிளஸ் பிளஸ் மென்பொருளை முதலிலிருந்து கம்பைல் செய்து, சோதனைகள் அனைத்தையும் ஓட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இந்த வேலைக்குத்தான் பில்ட் என்று பெயர்; அதை ஓட்டித் தரும் கணினி ரன்னர். ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரலில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்) இது தானாக நடக்க வேண்டும் என்று முடிவானபோது இரண்டு வழிகள் இருந்தன: நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தரும் வாடகை ரன்னர், அல்லது அலுவலகத்தில் நாமே வாங்கி வைக்கும் கணினி. எட்டு மாதங்களாக இரண்டாவது வழியில் போகிறோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

வாடகை ரன்னரின் நன்மைகள் தெரிந்தவையே. ஒவ்வொரு ஜாபுக்கும் (ஓட்டும் வேலைக்கும்) புதிய இயந்திரம் கிடைக்கும், பழுது பார்க்கும் வேலை நமக்கில்லை. திறந்த மூலத் திட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம்: யார் வேண்டுமானாலும் ஃபோர்க் செய்து (நகலெடுத்து), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) வழியாக நம் கணினியில் தம் நிரலை ஓட்டிவிடலாம் என்பதால், அங்கே சொந்த ரன்னர் வேண்டாம் என்று கிட்ஹப்பே எச்சரிக்கிறது. எங்களுடையது மூடிய திட்டம்.

முதலில் இடித்தது ரேம். டீபக் (பிழை தேட உதவும்) தகவலோடு, கம்பைலான துண்டுகளை ஒன்றாகக் கோத்து லிங்க் செய்யும்போது ஒரு லிங்கரே பல ஜிபி விழுங்கும். நான்கு லிங்கர் ஒன்றாக எழுந்தால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அவற்றில் ஒன்றைக் கொன்றுவிடும், லாகில் ‘சிக்னல் 9’ என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். பில்ட் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் நின்ஜாவில் லிங்க் வேலைகளுக்குத் தனி பூல் அமைத்து, ஒரு நேரத்தில் ஒன்று என்று கட்டியதும் அது தீர்ந்துவிட்டது.

தீர்மானித்தது கேஷ், அதாவது முன்பு செய்த வேலையின் சேமிப்பு. மூல நிரல், கம்பைலர், அதற்குத் தரும் ஆப்ஷன்கள் ஆகியவற்றிலிருந்து ஒரு ஹாஷ் (சுருக்க அடையாள எண்) கணக்கிட்டு, அதே ஹாஷுக்கு முன்பு உருவான ஆப்ஜெக்ட் (கம்பைலான) கோப்பு இருந்தால் அதையே எடுத்துக் கொடுப்பது சிகேஷ் என்ற கருவியின் வேலை. வாடகை ரன்னர் ஜாப் முடிந்ததும் அழிந்துவிடுவதால், அந்தக் கோப்புகளை ஒவ்வொரு முறையும் பொட்டலமாகக் கட்டி ஏற்றி, மறுபடி இறக்கிப் பிரிக்க வேண்டும். கூடுதல் கட்டணமின்றி ஒரு ரெப்போவுக்கு (நிரல் களஞ்சியத்துக்கு) கிடைப்பது 10 ஜிபி. 7 நாள் தொடாத கேஷ் நீக்கப்படும். ஒரு கீயில் (கேஷுக்கு இடும் பெயரில்) சேமித்ததைத் திருத்தவும் முடியாது என்பதால் ஒவ்வொரு ஓட்டமும் புதிய கீயில் புதிய பொட்டலத்தைப் போட, பழையவை வெளியே தள்ளப்படும். டீபக், ரிலீஸ், சானிடைசர் (ஓடும்போதே பிழைகளைப் பிடிக்கும் பில்ட்) என்று மூன்று வகை பில்டும், ஆளுக்கொரு கிளையும் வைத்திருக்கும் எங்களுக்கு அந்த இடம் இரண்டே நாளில் நிரம்பியது. சொந்தக் கணினியிலோ கேஷ் டிஸ்கிலேயே கிடக்கிறது; ஒரு கோப்பை மட்டும் திருத்திய கமிட், சோதனைகளைத் தவிர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 10 நிமிடத்தில் முடிகிறது.

விலை பராமரிப்பில் வருகிறது. லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் இன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருந்தது. ரன்னர் ஆஃப்லைனில் இருந்தாலும் ஜாப் 24 மணி நேரம் வரை வரிசையில் காத்திருக்கும். பாதியில் ஓடிக்கொண்டிருந்தது மட்டும் போய்விடும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) மாற்றி வைக்காமல், ஒரு வார இறுதி முழுவதையும் இழந்தோம். தைப்பூசத்தன்று நால்வருமே காவடிக்குப் போயிருந்தபோது, பழைய டாக்கர் இமேஜ்களால் (பில்ட் சூழலை அடைத்து வைத்த பொதிகளால்) டிஸ்க் நிரம்பி இரவு பில்ட் நின்றது. இப்போது வாரம் ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் நிரல்) அவற்றைத் துடைத்துவிடுகிறது.

மூன்றாவது வழியாக, அமேசானின் கணினி வாடகைச் சேவையான ஏடபிள்யூஎஸ் கேப் டவுனில் 2020-இல் திறந்த மையத்திலிருந்து ஸ்பாட் இயந்திரம் எடுக்கலாம். இரண்டு நிமிட முன்னறிவிப்போடு பிடுங்கப்படக்கூடிய அதை இரண்டே வாரம் ஓட்டிய அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முப்பது பேர் கொண்ட குழுவுக்கு ஒற்றைக் கணினி தாங்குமா என்பதும் என் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது.

வாடகை ரன்னரை முழுவதும் கைவிடவில்லை. ஞாயிறு இரவு அங்கே கேஷ் இல்லாமல் முதலிலிருந்து ஒரு பில்ட் ஓடுகிறது. எங்கள் கணினியில் யாரோ கையால் நிறுவிவிட்டு மறந்துபோன ஒரு லைப்ரரி, அங்கே பில்ட் உடைந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த ‘யாரோ’ நான்தான்.