போர் தண்ணீரிலிருந்து கீசரையும் வாஷிங் மெஷினையும் காப்பாற்ற எது சரி?

எங்கள் வீடு சென்னையின் தென் புறநகரில். குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். மூன்றே வருடத்தில் கீசரின் காயில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருள், எரிந்துபோனது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார். காயிலே தெரியாத அளவுக்குச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. அதற்கப்புறம்தான் கடைகளில் விற்கும் தீர்வுகளை ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'உப்புத் தண்ணி' என்று நாம் சொல்வது இரண்டு வேறு விஷயங்களை. நாக்கில் கரிக்கிற தண்ணீரில் சாப்பாட்டு உப்பு அதிகம். சோப்பு நுரைக்காமல், குழாய் முனையில் வெள்ளை படிய வைக்கிற தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். இந்த இரண்டாவதுதான் கடினநீர். சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து, சுண்ணாம்பாகக் காயில் ஒட்டிக்கொள்கிறது. டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்பையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியே சொல்லாது. அதற்கு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, தண்ணீர் சிவப்பிலிருந்து நீலமாக மாறும்வரை எண்ணும் கிட் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டியும் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை. எங்கள் போரில் 580.

உண்மையிலேயே கால்சியத்தை எடுப்பது ரெசின் என்ற சிறு பிளாஸ்டிக் மணிகள் உள்ள வாட்டர் சாஃப்ட்னர்தான். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி வேலை செய்யும். விற்பவர்கள் மொத்த வீட்டுக்கும் போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லிட்டர் ரெசின், எங்கள் தண்ணீரில் சுமார் 2,000 லிட்டர்தான் தாங்கும். நாலு பேர் வீட்டுக்கு நாலு நாள். ஒவ்வொரு முறை கழுவவும் மூன்று, நாலு கிலோ உப்பு. மாதத்துக்கு 25 கிலோவைத் தொட்டுவிடும். ஃப்ளஷுக்கும் வாசல் கழுவவும் இவ்வளவு செலவு செய்த தண்ணீர் எதற்கு? கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் லைனில் மட்டும் வைத்தால் அதே ரெசின் இரண்டு வாரத்துக்கு மேல் வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். இதிலும் ஒரு குறை உண்டு: டிடிஎஸ் குறையாது, கரிப்பும் போகாது. எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 260 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் கூடுகிறது. அதனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. ஆர்ஓ வழியாகப் போனால் சரி, மெம்ப்ரேனும் கூடுதல் நாள் உழைக்கும்.

வாஷிங் மெஷின் குழாயில் மாட்டும் சிறிய பாஸ்பேட் கார்ட்ரிட்ஜ் விலை குறைவு. அது கால்சியத்தை நீக்குவதில்லை, படியவிடாமல் பிடித்து வைக்கிறது. பச்சைத் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு இது போதும். 60 டிகிரியைத் தாண்டினால் பாஸ்பேட்டே சிதைந்து பலன் குறைகிறது. கீசருக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன். எங்கள் 580க்கு மெஷினிலும் அது திணறியது.

குழாய் மேல் சுற்றும் காந்தமும் எலக்ட்ரானிக் பெட்டியும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர் அதைக் கடந்து வந்த பிறகும் கால்சியம் அப்படியேதான் இருக்கும். ஆய்வுகளிலும் ஒரே மாதிரியான பலன் தெரியவில்லை.

கடினத்தன்மை 300க்குக் கீழே இருந்தால் எதையும் மாட்டத் தேவையில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் போதும். கெட்டிலில் ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்கவிட்டால் சுண்ணாம்பு பொங்கிக் கரையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலி வாஷிங் மெஷினில் 100 கிராம் போட்டு வெந்நீரில் ஓட்டலாம். பிளீச்சோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். கீசரை 50 டிகிரியில் வைப்பதே பாதிப் பாதுகாப்பு, ஏனென்றால் சூடு ஏற ஏறப் படிவு வேகமாகச் சேரும்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மழைநீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் வருவதை வடிகட்டி சம்ப்பில் சேர்க்கிறோம். அந்த நாட்களில் ரெசின் கழுவும் வேலையே குறைந்துவிடுகிறது. 2003இல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேமிப்புக் குழி பல வீடுகளில் இருக்கிறது. சாஃப்ட்னர் போடும்போது அதன் உப்புக் கழிவு அந்தக் குழிக்கோ செடிக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழியில் விட்டால் நிலத்தடியில் இறங்கி மறுபடி நம் போருக்கே வரும். சாக்கடைக் குழாயில் சேர்க்கும்படி பிளம்பரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.