லிப்ரேஆபிஸ் கால்க்: இரண்டு அச்சு வைத்த கோட்டு வரைபடத்துக்கு எப்படி?

மேட்டூர் அணையின் அன்றாடக் கணக்கில் மூன்று எண்கள் வரும்: நீர்மட்டம் அடியில், நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி என்று, நீர் இருப்பு டி.எம்.சி.யில். அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. வெள்ளக் காலத்தில் நீர்வரத்து லட்சம் கனஅடியைத் தாண்டும். இவற்றை அப்படியே தேர்வு செய்து லைன் சார்ட் போட்டால், நீர்வரத்து மலைபோல் ஏறி இறங்கும்; மற்ற இரண்டும் அடிக்கோட்டோடு ஒட்டிக் கிடக்கும். வலப்பக்கம் இன்னொரு அச்சு வைத்தால்தான் வழி. இலவச விரிதாள் மென்பொருளான கால்க் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் அளவுகோலை அதன் போக்கில் விட்டால் வரைபடம் பொய் சொல்லும்.

முதலில் தேதிப் பத்தியைச் சரிபார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு வரைபடம் கெடுவது இங்கேதான். அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருக்கும் கால்க், 05/06/2024 என்பதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2024 வந்ததும் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். கண்ட்ரோலும் எஃப்8-உம் சேர்த்து அழுத்தினால் எண்ணும் தேதியும் நீலத்திலும், எழுத்து கறுப்பிலும் தெரியும். கறுப்பாக நிற்கும் பத்தியைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், பத்தியின் வகையை டேட் (டிஎம்ஒய்), அதாவது நாள்-மாதம்-ஆண்டு வரிசை, என்று மாற்றினால் சரியாகிவிடும். நீலமாக இருந்தும் நாளும் மாதமும் இடம் மாறிப்போனவற்றை இது திருத்தாது. அதனால் லோகேலை, அதாவது மொழி-நாட்டு அமைப்பை, இங்கிலீஷ் (இந்தியா) என்று வைத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதே நல்லது.

பிறகு இன்சர்ட், சார்ட், லைன். வரைபடத்தை இருமுறை சொடுக்கி உள்ளே போய், நீர்வரத்துக் கோட்டை இருமுறை சொடுக்கினால் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் செகண்டரி ஒய் ஆக்ஸிஸ் இருக்கும். அதைத் தேர்வு செய்ததும் வலப்பக்க அச்சு வந்துவிடும். கோடு ஒன்றோடொன்று ஒட்டிச் சொடுக்க முடியாவிட்டால், மேலே உள்ள ஃபார்மேட்டிங் பட்டையில் வரைபட உறுப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயரைப் பார்த்துப் பிடிக்கலாம்.

உண்மையான வேலை இனிமேல்தான். தானியங்கி அளவுகோல் இடதும் வலதும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது. நீர்மட்டம் 116-க்கும் 119-க்கும் இடையில் இருந்த மாதத்தில் இட அச்சை 116-ஐ ஒட்டியே தொடங்கிவிட்டால், மூன்றடி இறக்கம் அணையே வற்றியதுபோலத் தெரியும். ஒவ்வோர் அச்சையும் இருமுறை சொடுக்கி, ஸ்கேல் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் குறிகளை எடுத்துவிட்டு எண்களைக் கையால் கொடுங்கள். இடப்பக்கம் 0 முதல் 120, இடைவெளி 20. வலப்பக்கம் 0 முதல் 1,20,000, இடைவெளி 20,000. இரண்டிலும் ஆறு பிரிவு என்பதால் ஒரே கிடைக்கோடு இரு பக்கத்து எண்ணுக்கும் பொருந்தும். நாள்வாரி அசைவைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் இடப்பக்கம் 100 முதல் 120, இடைவெளி 4. வலப்பக்கம் 0 முதல் 1,00,000, இடைவெளி 20,000. அப்போது இட அச்சு 100-இல் தொடங்குகிறது என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு எந்தப் பொருளும் கிடையாது. வல அச்சின் உச்சத்தை 60,000 ஆக்கிப் பாருங்கள், வெட்டும் இடம் வேறு தேதிக்குப் போய்விடும். அதைச் சுட்டி விளக்கம் எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

மூன்றாவது அச்சு கால்க்கில் இல்லை. எக்ஸெலிலும் கூகுள் ஷீட்ஸிலும்கூட இரண்டுதான். பல சமயம் அது தேவையும் இல்லை: நீர் இருப்பின் உச்சம் 93.47 என்பதால் 0–120 அளவுகோலிலேயே அடங்கிவிடும், இட அச்சின் தலைப்பை 'அடி / டி.எம்.சி.' என்று மாற்றினால் போதும். அப்படி அடங்காத அளவாக இருந்தால், அதே தேதி அச்சோடு கீழே இன்னொரு வரைபடம் வைப்பதே நேர்மை. எண்ணைப் பெருக்கி வளைத்து உள்ளே திணித்தால் படிப்பவருக்கு எந்த எண் எதற்கு என்று புரியாது.

கால்க்கை மனதாரப் பாராட்டவேண்டிய இடம், விடுபட்ட நாட்களைக் கையாளும் விதம். அதே ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பிளாட் மிஸ்ஸிங் வேல்யூஸ் என்று மூன்று தேர்வுகள் உண்டு: இடைவெளி விடு, பூஜ்யமாகக் கொள், கோட்டைத் தொடர். நீர்வரத்துக்கு இடைவெளி விடுவதே சரி. பூஜ்யம் போட்டால் 'அளவு கிடைக்கவில்லை' என்பது 'தண்ணீரே வரவில்லை' என்று ஆகிவிடும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் கணக்கு என்றால் லைன் வேண்டாம். தேதி அச்சு ஒரு நாளுக்குக் கீழே பிரிக்காது. எக்ஸ்ஒய் ஸ்கேட்டரில் கோடு மட்டும் உள்ள வகையை எடுங்கள். வல அச்சு அங்கேயும் அதே முறையில் கிடைக்கும்.

அச்சின் எண்களுக்கு அந்தந்தக் கோட்டின் நிறத்தையே கொடுங்கள். தமிழ்த் தலைப்புக்கு எழுத்துரு மாற்றியும் மாறவில்லை என்றால், மாற்றியது மேற்கத்திய எழுத்துருவை. டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கினால், தமிழுக்கான எழுத்துரு தனியாகத் தெரியும். எல்லாம் முடிந்ததும் வரைபடத்தின்மேல் வலச் சொடுக்கு, எக்ஸ்போர்ட் ஆஸ் இமேஜ். அச்சிடக் கொடுக்க எஸ்விஜி, வாட்ஸ்அப்பில் அனுப்ப பிஎன்ஜி.