13எக்ஸ் சியோலைற்றா, செப்புச் சட்டகமா? கொழும்பு ஈரத்தில் நான் எடுத்த முடிவு

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சின்ன உயிர்வாயுத் தொட்டி இருக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் மிஞ்சும் சோறும் மரக்கறிக் கழிவும் அதற்குள் போகும். வெளியே வருகிற வாயுவில் 60 சதவீதமளவு மெதேன். மிச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. அது எரியாது, இடத்தை மட்டும் பிடிக்கும். அதைக் கழித்தெடுக்க ஒரு குழாயில் நுண்துளைப் பளிங்கு ஒன்றை நிரப்ப வேண்டும். எந்தப் பளிங்கு என்பதை முடிவெடுக்க எனக்கு ஒரு பருவமழை முழுவதும் பிடித்தது. இப்போது குழாயில் இருப்பது 13எக்ஸ் சியோலைற். போட்டிக்கு நின்றது எச்.கே.யூ.எஸ்.டி-1 என்ற செப்புச் சட்டகம்.

இரண்டையும் சுருக்கமாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். சியோலைற் என்பது சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் சேர்ந்த கூடு. 1756இல் சுவீடன் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது ஆவி விட்டுக் கொதித்தது. 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் பெயரை அவர்தான் வைத்தார். 13எக்ஸ் அந்தக் குடும்பத்தின் செயற்கைப் பிள்ளை. கூட்டுக்குள் சோடியம் அயன்கள் உட்கார்ந்திருக்கும்; காபனீரொட்சைட்டை இழுத்து வைப்பது முக்கியமாக அவைதான். எச்.கே.யூ.எஸ்.டி-1 உலோக-சேதனச் சட்டகங்களில் ஒன்று. 1999இல் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெயரும் அங்கிருந்து வந்ததே. செப்பு அணுச் சோடிகளைச் சேதன அமிலம் ஒன்று இணைத்து வலைபோலக் கட்டியிருக்கும். இந்தச் சட்டகங்களை உருவாக்கியதற்காக கிடகவா, ரொப்சன், யாகி மூவருக்கும் 2025இல் வேதியியல் நொபெல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி வந்த கிழமை எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் செப்புச் சட்டகத்தின் மேல் ஒரு கண். எனக்கும்தான்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 25 பாகை செல்சியஸில், ஒரு பார் (ஏறக்குறைய வளிமண்டல) அழுத்தத்தில், ஒரு கிராம் 13எக்ஸ் 4 முதல் 5 மில்லிமோல் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும். அதாவது தன் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. செப்புச் சட்டகமும் அதே அழுத்தத்தில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அழுத்தம் குறைந்த இடத்தில் சியோலைற் தெளிவாக முந்தும். அழுத்தத்தைக் கூட்டினால் சட்டகம் முந்தும், அதன் உட்பரப்பு பெரியது என்பதால். விலையிலும் சந்தேகமில்லை. 13எக்ஸ் கிலோக் கணக்கில், மணி மணியாகக் கிடைக்கும். சட்டகத்தை கிராம் கணக்கில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நாமே செய்ய வேண்டும். நான் செய்தேன்.

என் முடிவைத் தீர்மானித்தது தண்ணீர்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் உப்புச் சாடி எந்த மாதமும் கட்டியில்லாமல் இருந்ததில்லை. 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதன் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், வெளிக்காற்றில் ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறுக்குச் சுமார் 80 நீர் மூலக்கூறுகள் இருக்கும். தொட்டியிலிருந்து வரும் வாயு அந்தளவுக்கு மோசமில்லை, ஆனால் ஈரத்தில் நிரம்பியே வருகிறது: ஒரு கன மீற்றருக்குச் சுமார் 30 கிராம் நீர். காபனீரொட்சைட்டை விட நீர் மூலக்கூறு சிறியது, மின்முனைவு கூடியது. சோடியத்துக்கும் சரி, செம்புக்கும் சரி, முதல் விருப்பம் நீர்தான்.

முதல் தடவை செய்த செப்புச் சட்டகத்தை வெற்றிட அடுப்பில் காய வைத்து எடுத்தபோது அது கரும் ஊதா கலந்த நீலம். அவ்வளவு அழகான தூளை நான் அதற்கு முன் தொட்டதில்லை. கடிகாரக் கண்ணாடியில் கொஞ்சம் கொட்டி யன்னலோரம் வைத்தேன். தேநீர் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஓரத்திலிருந்து வெளிறத் தொடங்கி, பிறகு முழுவதும் வான்நீலமாகிவிட்டது. செம்பில் நீர் போய் ஒட்டியதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரும்பக் காய வைத்தேன், கரும் நீலம் வந்தது. சந்தோஷமாக எங்கள் ஆய்வுகூட சேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஒருக்கா வந்தது சரி. மழைக்காலம் முடிய இதே நிறம் வருமோ எண்டு பாத்தீரா?" என்றார்.

பார்க்கவில்லை. மூடி சரியாக இறுகாத ஒரு குப்பியில் பாதித் தூளை விட்டிருந்தேன். அது என் கவலையீனம். சில கிழமைகளுக்குப் பிறகு எடுத்துக் காய வைத்தால் பழைய ஆழமான நிறம் வரவேயில்லை. வாயுவை விட்டுத் தராசில் பார்த்தபோது எடையும் முன்புபோல ஏறவில்லை. செம்புக்கும் அமிலத்துக்கும் இடையிலான பிணைப்பை நீர் மெல்ல மெல்ல அறுத்துவிட்டது. கூடு உடைந்த பிறகு எந்த அடுப்பும் அதைத் திரும்பக் கட்டாது.

13எக்ஸும் நீரைக் குடிக்கும், இன்னும் பேராசையோடு. காய்ந்த மணிகள் சிலவற்றை ஈரக் கையில் வைத்துப் பாருங்கள், சுடும். நீர் உள்ளே போகும்போது விடுகிற வெப்பம் அது. தன் எடையில் கால்பங்குவரை நீரை ஏற்றிக்கொள்ளும். அந்த நிலையில் காபனீரொட்சைட்டுக்கு இடமே இராது. ஆனால் கூடு உடைவதில்லை. 300 பாகைக்கு மேல் ஓர் இரவு உலர்ந்த வாயு ஓட்டத்தில் வைத்தால் பழைய மணி திரும்ப வருகிறது. சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும் என்பது மட்டும் கவனம். ஈரத்தோடு சடாரென்று ஏற்றினால் சொந்த ஆவியிலேயே வெந்து பழுதாகும்.

இதிலும் ஒரு செலவு இருக்கிறது. ஒரு கன மீற்றர் உயிர்வாயுவில் உள்ள காபனீரொட்சைட்டைப் பிடிக்க 4, 5 கிலோ 13எக்ஸ் வேண்டும். பிடித்ததை வெற்றிடத்தில் விடுவித்துவிட்டு அதே மணிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம். ஈரத்தைக் கழிக்காமல் விட்டால், அப்படிச் சுற்றுக்குச் சுற்று சேரும் நீர் ஏறக்குறைய 40 கன மீற்றரில் அந்த மணிப் படுக்கை முழுவதையும் நிரப்பிவிடும். அதற்கு நெடுநாள் முன்பே வேலை கெட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் 300 பாகைக்குப் போனால் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே முன்னால் சிலிக்கா ஜெல் குழாய் ஒன்றைப் போட்டோம். அது 120 பாகையிலேயே காய்ந்துவிடும், நிறம் மாறி எப்போது காய வைப்பது என்றும் சொல்லும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில்கூட காற்றை முதலில் உலர்த்திவிட்டுத்தான் சியோலைற் படுக்கைக்கு அனுப்பினார்கள்.

செப்புச் சட்டகத்துக்கு முன்னாலும் சிலிக்கா ஜெல் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் ஒரு நாள் காய வைக்க மறந்தால் என்ன ஆகும் என்பதுதான் வித்தியாசம். 13எக்ஸில் ஓர் இரவு அடுப்பு வேலை. சட்டகத்தில் மறுபடி செப்பு நைத்திரேற்றிலிருந்து தொடங்க வேண்டும். விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போகிற ஆய்வுகூடத்தில் மறதி கட்டாயம் வரும்.

சட்டகத்தின் பக்கம் நியாயமும் உண்டு. 13எக்ஸ் காபனீரொட்சைட்டை இறுக்கிப் பிடிப்பதால் திரும்ப விடுவிக்க நல்ல வெற்றிடம் வேண்டும். செப்புச் சட்டகம் இலகுவாக விடும். 40 சதவீதம் காபனீரொட்சைட்டு உள்ள வாயுவுக்கு அது சின்ன விடயமில்லை. மிகச் சிறிதளவு நீர் அதன் உறிஞ்சலைக் கூட்டுகிறது என்ற ஆய்வும் உண்டு. உயிர்வாயுவில் கூடவே வரும் ஐதரசன் சல்பைட்டு இரண்டுக்குமே ஆகாது. அதை இரும்பொட்சைட்டில் முன்கூட்டியே கழிக்கிறோம். நான் பார்த்தது ஒரு கை நீளக் குழாய், அதுவும் ஒரு வருடத்துக்குக் குறைவாக. ஆயிரக்கணக்கான சுற்று ஓடும் ஆலைக்கு என் அனுபவத்தை அப்படியே நீட்டிப் பார்க்காதீர்கள்.

எல்லாச் சட்டகமும் தண்ணீருக்குப் பயந்தது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கனடாவில் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் ஷிமிசு குழுவினர் உருவாக்கிய கல்ஃப்-20 என்ற நாக (துத்தநாக) உலோகச் சட்டகம், ஈரப்பதன் சுமார் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை நீரை விடக் காபனீரொட்சைட்டையே விரும்பி எடுக்கிறது. செய்யத் தேவையானவை நாகம், ஒட்சாலேற்று, திரையசோல். எட்டாத பொருட்கள் இல்லை. சிலிக்கா ஜெல் குழாயைத் தாண்டி வரும் வாயு அந்த 40ஐ விட எவ்வளவோ உலர்ந்தது. அடுத்த பருவமழைக்கு முன் ஒரு சிறு தொகுதி செய்து, அதே மூடி இறுகாத குப்பியில், அதே யன்னலோரத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.